ஆனந்தவல்லி நகரில் பால் பொங்கவில்லை

தூத்துக்குடியைத் தாண்டி, உப்பளம் முடிந்து வீட்டு மனைகள் ஆரம்பிக்கிற இடத்தில் ஆனந்தவல்லி நகர் இருக்கிறது. அங்கே மூன்றாம் தெருவில், நீலப் பெயின்ட் அடித்த சந்தனமாரியின் வீடு கைமாறிய அன்றைக்கு, அடுப்பு எரிந்தது, பாத்திரத்தின் அடி கரிந்தது, ஐயர் மந்திரம் சொன்னார், போட்டோகிராபர் குனிந்தும் நிமிர்ந்தும் காத்துக்கிடந்தார், பால் மட்டும் பொங்கவில்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் அவரவர் சோலியைப் பாருங்கள். சொல்லுகிற எனக்கு இதில் கமிஷன் ஒன்றும் கிடையாது.

சந்தனமாரி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். சுற்றுப்பட்ட நாலு தெருவுக்கும் விடிந்தால் அவள் மாவுதான். வாய் கொஞ்சம் பெரிசு. புருஷன் குருசாமிக்கு வாயே கிடையாது. ஐஸ் கம்பெனியில் பார் பாராக ஐஸ் தூக்குகிறவர், தெருவில் நாய் குறுக்கே படுத்திருந்தால் அதை எழுப்பக் கூச்சப்பட்டுச் சுற்றிப் போகிற மனுஷன். வாடகை வீட்டுக்காரர்களிடம் ஏச்சு வாங்கி அலுத்துப்போன இந்த இரண்டு பேரும், நித்திலம் ஹவுசிங் பைனான்ஸ் என்கிற கம்பெனியில் மனையையும் கட்டப்போகிற வீட்டையும் அடமானம் எழுதிக் கடன் வாங்கித்தான் அந்த வீட்டைக் கட்டினார்கள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்திலெல்லாம் கம்பெனிக்காரர்களே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள், எல்லாம் இங்கிலீஷ், "இதுல என்ன சார் எழுதிருக்கு?" என்று சந்தனமாரி கேட்டதற்கு, "எல்லாருக்கும் உள்ளதுதாம்மா, உங்களுக்கு மட்டும் தனியாவா எழுதப்போறோம்?" என்று மேனேஜர் ஜெயசீலன் சிரித்தார், சிரித்த முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள், பெருக்கல் குறி இருந்த இடத்திலெல்லாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான், அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வருஷக்கணக்காகத் தவணை மாறவில்லை, அதனால் எல்லாம் ஒழுங்காகப் போகிறதென்று இருந்தாள். அப்புறம் ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாமல், ஐஸுக்கு வேலையில்லாமல், குருசாமிக்குச் சம்பளம் வராமல், சில தவணை நின்றது. நின்ற தவணைக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி, வட்டி கேட்டுப் பையன்களை அனுப்பின செலவு, அந்தச் செலவுக்கு ஒரு வட்டி என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. "கடன வேண்டாம்னு நான் சொல்லலியே சார்" என்று அவள் ஜெயசீலன் மேஜைக்கு முன்னால் நின்று கத்தினாள். "வாங்கினதக் கட்டுதேன். வாங்காததக் கட்டச் சொன்னா எப்படிக் கட்டுவேன்?" அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார், அதுவும் இங்கிலீஷில்தான் இருந்தது. இந்த மாதிரிக் கம்பெனிகளையெல்லாம் மேலே இருந்து கண்காணிக்கிற அரசாங்க ஆபீஸுக்குப் புகார் போட்டாள். புகாருக்கு ஒரு நம்பர் வந்தது. நம்பர் வந்த மறுவாரமே போலீஸும் பூட்டும் வந்துவிட்டன.

சந்தனமாரி அழவில்லை என்று சொன்னால் அது பொய். அழுதாள், அழுதுகொண்டே வைதாள், வைதுகொண்டே துணிமணியையும் கிரைண்டரையும் பக்கத்து வீட்டுப் பத்திரக்கனியின் முன்னறைக்குத் தூக்கிப் போட்டாள். "இங்கன இருங்க மைனி, நான் இருக்கேம்லா" என்றாள் பத்திரக்கனி. ஊரைவிட்டுப் போகச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவள் போகவில்லை. தினமும் காலையில் மாவு வியாபாரம் முடிந்ததும் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கம்பெனி மாட்டின பூட்டை முறைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டை ஏலத்தில் எடுத்தவர் ஸ்டீல் கடை ரத்தினவேல். நல்ல மனுஷன்தான், அவர்மேல் நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் இந்துவானாலும் கிறிஸ்தவ வேதக்காரரானாலும் இஸ்லாமியரானாலும், ஒரு வீட்டுக்குக் குடிபோவதென்றால் முதலில் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிந்த பிறகுதான் பாய் விரிக்கலாம், பீரோ ஏற்றலாம். பறித்த வீடு என்று யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று, ஜெயசீலன் தானே முன்னால் நின்று கம்பெனிச் செலவில் ஐயர், போட்டோகிராபர், மாலை, கேசரி எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். பால் மட்டும் பாத்திரத்தில் சிலைமாதிரி இருந்தது. விரலை விட்டுப் பார்த்தார்கள், ஜில்லென்று இருந்தது. கேசரி தீர்ந்தது. ஐயர் மந்திரத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்புறம் அவருக்கும் வேறு வீடு இருந்தது, கிளம்பிவிட்டார்.

முதல் பழி பால்காரர் தங்கப்பாண்டி தலையில் விழுந்தது. "தண்ணி ஊத்திட்டீரா?" என்று ஜெயசீலன் கேட்டதும் அந்த மனுஷனுக்கு வந்ததே கோபம்! "எம் மாட்டுப் பாலவா குத்தம் சொல்லுதீரு?" என்று அதே பாலைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து, மூன்று செங்கல்லை வைத்து, ஓலையைக் கொளுத்திப் போட்டார், கண்மூடித் திறப்பதற்குள் பால் பொங்கிச் செங்கல்லை நனைத்தது. பொங்கின பாலை அப்படியே துணி சுற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நிலைப்படி தாண்டின நிமிஷம் நுரை அடங்கி, ஆடை படிந்து, குருசாமியின் ஐஸ் கம்பெனியில் வைத்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. ரத்தினவேல் பெண்சாதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பால் பொங்காத வீட்டுல நான் கால வைக்க மாட்டேன், நீங்க வேணும்னா தனியா வந்து இருந்துக்கிடுங்க" என்று சொல்லிக் காரில் போய் ஏறிக்கொண்டாள்.

இதுவரைக்கும் நடந்ததுதான் அதிசயம். இனிமேல் நடந்ததெல்லாம் ஊர் வழக்கம்.

கம்பெனி விடவில்லை. பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால், பாக்கெட் பால் என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தது. கேஸ், விறகு, கரண்ட் அடுப்பு என்று எல்லாவற்றிலும் வைத்தது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், பள்ளிவாசலிலிருந்து பெரியவர் வந்து ஓதினார், வாஸ்துக்காரர் வந்து அடுப்பைத் திருப்பி வைத்தார். ஜெயசீலன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். வாடிக்கையாளர்களுக்கு மாற்றுப் பானம் எதையாவது பரிந்துரைக்கலாம் என்று பதில் வந்தது. அதைக் கேட்டு மூன்றாம் தெரு சிரித்த சிரிப்பு ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. கூட்டம் பார்த்து எதிரே ஒரு டீக்கடை முளைத்தது. அந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, பால் பொங்காத வீட்டை வேடிக்கை பார்ப்பது ஆனந்தவல்லி நகர் ஆண்களுக்கு ஒரு வேலையாகிப் போனது.

அப்புறம் செய்தி பரவியது. ஊருக்குள் நித்திலம் கம்பெனி பூட்டிப்போட்ட மற்ற வீடுகளிலும் பால் பொங்கவில்லை. கட்டுமரக்காரர் வீட்டில் பொங்கவில்லை, நர்ஸம்மா வீட்டில் பொங்கவில்லை, தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டில் பொங்கவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், வாங்கின கடனையும் வந்த சம்பளத்தையும் சீட்டாடியே அழித்து, கட்ட வக்கிருந்தும் கட்டாமல் திரிந்த ஒருத்தன் வீட்டையும் கம்பெனி எடுத்திருந்தது; அங்கே பால் ஜோராகப் பொங்கியது, வாங்கினவர்கள் மறுநாளே குடிவந்துவிட்டார்கள். அதோடு ஊருக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நாளில் வீட்டுப் புரோக்கர்கள் தண்ணீர் உண்டா, பட்டா உண்டா என்று கேட்பதற்கு முன்னால் பால் பொங்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு விலை மதிக்க வருகிற இன்ஜினியர்கள் டேப்போடு சேர்த்து ஒரு கைப்பிடிப் பாத்திரமும் பையில் வைத்திருந்தார்கள். ஏல விளம்பரங்களில் 'பால் சோதிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் காப்பி குடித்துவிட்டு, இந்தப் பால் இந்த வீட்டு அடுப்பில் காய்ந்ததுதானா என்று நைசாக விசாரித்தார்கள். கடன் இருக்கிற வீட்டுப் பெண்களெல்லாம் காலையில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏட்டி, உங்க வீட்டுல?" "பொங்கிட்டுக்கா!" என்று சேதி சொல்லிக்கொண்டார்கள். பொங்கத் தாமதமான வீட்டுக்காரர்கள் அன்றைக்கே பேப்பரைத் தூக்கிக்கொண்டு, வட்டி எவ்வளவு, எப்போது ஏறியது, எங்களிடம் சொன்னீர்களா என்று கேட்கக் கிளம்பினார்கள். கடன் வாங்கினவன் தலைகுனிந்துதான் கம்பெனி வாசலை மிதிக்க வேண்டும் என்று இருந்தது இல்லையா, அது மாறியது. தலை நிமிர்ந்து, பாத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் சந்தனமாரி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். "நீங்கதானக்கா ஏதோ செஞ்சிட்டிய?" என்று கேட்டவர்களுக்கு, "எனக்கு மாவு பொங்க வைக்கத்தாம்மா தெரியும்" என்று சொன்னாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். பால் எத்தனை நாளைக்குப் பிடிவாதம் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் அது அடங்கிப் பொங்கிவிட்டால் வீடு போனது போனதுதான்.

ஒரு மத்தியானம் ஜெயசீலன் பத்திரக்கனி வீட்டுக்கே வந்துவிட்டார். சிரிப்பைக் காணோம், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அம்மா, நீங்க ஒரு தடவ உள்ள வந்து, உங்க கையால அந்தப் பால அடுப்புல வச்சுக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். ஏலத்துல வந்த பணம் போக உங்க பேர்ல நிக்கிற பாக்கிய மொத்தமாத் தள்ளிடுறோம். கைல ஒரு தொகையும் தர்றோம்" என்றார்.

குருசாமி கையைப் பிசைந்தார். "ஒத்துக்கிடுவோமே மாரி. எங்கயாவது ஒத்திக்குப் போயிருவோம். எனக்கும் தோள்பட்ட வலிக்கி. எத்தன நாளைக்கு அடுத்த வீட்டு முன்னறையில முடங்கிக் கிடக்க?"

அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் சந்தனமாரிக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. "எங்கையால பால் வச்சு, எங்கையால எம் வீட்ட இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்கணுமோ?" என்று எழுந்தாள். "சார், நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்குக் கேட்டதுதான். அந்தப் பேப்பர்ல என்ன எழுதிருக்குன்னு தெருவுல வச்சு, நாலு பேரு கேக்க, தமிழ்ல சொல்லுங்க. நான் புகார் போட்ட மேலாபீஸ்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாங்க. கணக்கு நெசம்னா நானே பால் வைக்கேன், வச்சிட்டு வழியப் பாத்துப் போறேன். இல்லேன்னா பூட்டத் தொறங்க."

ஜெயசீலன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஆனால் கம்பெனிக்குப் புத்தி வேறு மாதிரி ஓடியது. கடன்காரர்கள் சேர்ந்து பில்லிசூனியம் வைத்து, சட்டப்படி எடுத்த வீடுகளை விற்கவிடாமல் செய்கிறார்கள், நடவடிக்கை வேண்டும் என்று மேலாபீஸுக்குக் கம்பெனியே ஒரு புகார் எழுதியது. எந்தப் பேப்பர் எந்தப் பேப்பரை இழுத்துக்கொண்டு வரும் என்று சொல்லமுடியாது பாருங்கள். அந்தப் புகாரோடு சந்தனமாரியின் பழைய புகாரும் எழுந்து வந்து மேஜையில் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. விசாரிக்க மெஹருன்னிசா என்கிற ஆபீசர் அம்மா வந்தார்கள்.

புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மூன்றாம் தெரு மொத்தமும் கூடிவிட்டது. கட்டுமரக்காரர் குடும்பம், நர்ஸம்மா, தீப்பெட்டி ஆபீஸ்காரர் எல்லாரும் வந்து நின்றார்கள். ஜெயசீலன் பாலைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். ஆபீசர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"பால் எங்க அதிகாரத்துல வராது. வட்டி வரும். அதப் பேசுவோம்."

பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டு ஜெயசீலன் பக்கம் திரும்பினார்கள்.

"வட்டி ஏறினப்ப இவங்ககிட்ட கேட்டீங்களா? தவணையக் கூட்டணுமா, வருஷத்தக் கூட்டணுமான்னு கேட்கணுமே?"

"எஸ்.எம்.எஸ். போயிருக்கு மேடம்."

"என்ன பாஷையில?"

ஜெயசீலன் கைக்குட்டையை எடுத்தார்.

"தவணை மாறல. அப்ப வருஷத்த நீட்டியிருக்கீங்க. எது வரைக்கும்? தமிழ்ல சொல்லுங்க, இவங்க காதுல விழட்டும்."

அவர் பேப்பரைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குருசாமி சாருக்கு எண்பத்திமூணு வயசு ஆகுற வரைக்கும் மேடம்."

அதுவரைக்கும் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற குருசாமி முன்னால் வந்தார். ஆயுசில் முதல் தடவையாக அவருக்கு வாய் வந்தது. வந்த வாய் சாதாரண வாயாக இல்லை. "எம்பத்திமூணு வயசு வரைக்கும் என்னிய ஐஸ் தூக்கச் சொல்லி எழுதினது எவம்வே? எவன்? எம் முன்னால வரச் சொல்லும்! நான் செத்தாலும் தோள்ல பார் ஐஸோடயா சுடுகாட்டுக்குப் போகணும்?" என்று அவர் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே விட்டார். சந்தனமாரி புருஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, இந்த வாயை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார் என்று கோபமும் வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேட்காத இன்சூரன்ஸைக் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். அபராதத்தை அசலில் ஏற்றி வட்டி வாங்கியிருந்தார்கள். ஆபீசர் அம்மா எதற்கும் குரலை உயர்த்தவில்லை; கேட்டார்கள், எழுதினார்கள், எழுதினதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். வாங்காததையெல்லாம் கழித்துப் பார்த்தால், தடைக்காலத்தில் நின்ற தவணைக்கும் மேலேயே சந்தனமாரி கட்டியிருந்தாள். வீட்டை எடுத்ததே செல்லாது, கணக்கைத் திருத்து, சாவியைக் கொடு என்று உத்தரவு வந்தது. ரத்தினவேல் தன் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விட்டது தொல்லை என்று பெருமூச்சு விட்டார். கடன் போய்விடவில்லை; வாங்கினது வாங்கினதுதான். அதை நியாய வட்டியில் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். சந்தனமாரியும் அதைத்தான் கேட்டாள்.

மற்ற வீடுகளின் புகாரையும் வாங்கிக்கொண்டுதான் ஆபீசர் அம்மா போனார்கள். ஆனால் அவற்றுக்கு விசாரணை இனிமேல்தான். பூட்டு அப்படியே இருந்தது.

சாவி கொடுக்கிற அன்றைக்கு ஊரே திரண்டுவிட்டது. பத்திரக்கனி புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்துக் கொண்டுவந்தாள். தங்கப்பாண்டி கறந்த சூடு ஆறாமல் பால் கொண்டுவந்தார். அந்தப் பழைய போட்டோகிராபர்கூட வந்திருந்தார். சந்தனமாரி கையால் வைத்தால் பொங்குமா, பொங்காதா? டீக்கடையில் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஜெயசீலன் சாவியை நீட்டிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"வைங்கம்மா" என்றார். "நல்ல நேரம் போயிடும்."

சந்தனமாரி அவரைப் பார்த்தாள், போட்டோகிராபரைப் பார்த்தாள். இவரை யார் கூப்பிட்டது என்று கேட்டாள். போட்டோகிராபர் ஜெயசீலனைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தாள். கட்டுமரக்காரர் பெண்சாதி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள்.

"நல்லாருக்கே!" என்றாள் சந்தனமாரி. "இங்க பால் பொங்கினதப் படம் எடுத்து, எல்லாம் சரியாயிட்டு, வாங்க வாங்கன்னு நாளைக்கே இவிய வீட்டையெல்லாம் ஏலம் போடதுக்கா? பால் காய்ச்சுதது புதுசாக் குடிவாரவிய செய்யிறது. நான் எங்கயும் போவலியே. எம் வீட்டுக்கு வெளிய கொஞ்ச நாளு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

"மைனி, பால் வீணாப் போவுமே" என்றாள் பத்திரக்கனி.

"கன்னுக்குட்டிக்கு ஊத்தச் சொல்லு. இவிய எல்லாரு பூட்டும் தொறக்கட்டும். அது வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள பால் வராது. பொங்குமா பொங்காதான்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

ஜெயசீலன் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. "எத்தன வருஷம்மா பால் இல்லாம இருப்பீங்க?"

"எம்பத்திமூணு வயசு வரைக்கும்" என்றார் குருசாமி. தெரு கொல்லென்று சிரித்தது.

சந்தனமாரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். கிரகப்பிரவேசம் என்றால் யாரும் செய்யத் துணியாத காரியம் ஒன்றைச் செய்தாள். நல்ல நேரத்தில், நல்ல நாளில், வாசலில் மாவிலை ஆடிக்கொண்டிருக்க, நெத்திலிக் கருவாட்டை மண்சட்டியில் போட்டுப் புரட்டினாள். புளியும் மிளகாயும் விழுந்து கொதித்த வாசனை மூன்றாம் தெருவைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ரயில்வே கேட் வரைக்கும் போனது. கூட்டத்தைச் சாப்பிட உள்ளே கூப்பிட்டாள். முதல் தட்டை நர்ஸம்மாவுக்குக் கொடுத்தாள். ஜெயசீலனும் பசியோடு வாசலில் நிற்பதைப் பார்த்து, ஒரு டம்ளரில் கருப்பட்டிக் கடுங்காப்பி ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்க சார், சும்மா குடிங்க" என்றாள். "இனிமே நம்ம வீட்டுல இதுதான்."